இருபது மாதம் கழித்து வந்த கரண்ட் பில்: ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு விமர்சனம்

ஐந்துக்கு இரண்டு. எங்கள் கரண்ட் கம்பெனிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் இவ்வளவுதான். அந்த இரண்டும்கூட டிசம்பரில் மீட்டர் பார்க்க வந்த டெக்னீஷியனுக்காகக் கொடுப்பது. கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. பிரிட்டனில் வீட்டுக்குக் கரண்ட் விற்கிற எந்தக் கம்பெனியிலும் இதே தப்பு நடக்கலாம், விதியும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். அதனால் பெயரைவிட நடந்ததைச் சொல்வது பிரயோஜனம் என்று நினைக்கிறேன்.

2023 மார்ச்சில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தோம். நான், மனைவி, ஐந்து வயது மகன். பழைய வீடு, இரண்டாகத் தடுத்து மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அலமாரி, அதற்குள் இரண்டு கரண்ட் மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது யாருடையது என்று லேபிள் எதுவும் கிடையாது. இடது பக்கம் இருப்பது எங்களுடையது என்று ஏஜென்ட் கை காட்டினார். வந்த அன்றைக்கே அதைப் படம் எடுத்து, மீட்டரில் அச்சடித்திருக்கும் சீரியல் நம்பர், ரீடிங் எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது: நீங்கள் அனுப்பிய மீட்டர் நம்பர் எங்கள் ரெக்கார்டில் உங்கள் முகவரிக்கு இருக்கும் நம்பரோடு ஒத்துப்போகவில்லை, சரிபார்த்துவிட்டுத் தொடர்புகொள்கிறோம், அதுவரை டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் காசு எடுத்துக்கொள்வது) ஆரம்பிக்க முடியாது. சரி, பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தோம். ஏப்ரலில் போன் செய்தேன், ஜூனில் செய்தேன், செப்டம்பரில் செய்தேன், அடுத்த வருடம் பிப்ரவரியில் ஒரு முறை செய்தேன். நான்கு முறையும் "குறித்துக்கொண்டோம்" என்ற ஒரே பதில். பில் மட்டும் வரவில்லை.

ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஒருவர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார், எத்தனை யூனிட், எவ்வளவு கட்ட வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, கரண்ட்டை உபயோகித்துக்கொண்டே இருக்கிறோம், யாரும் காசு கேட்கவில்லை என்கிற நிலைமை ரொம்பத் தொந்தரவாக இருந்தது. மனைவிதான் முதல் மாதத்திலேயே சொன்னாள்: "இவங்க கேட்கலைன்னா நாம மறந்துட முடியாது. ஒருநாள் மொத்தமா கேப்பாங்க." மாதா மாதம் 80 பவுண்டு தனிக் கணக்கில் போட்டு வைத்தோம். இதைப் படிக்கிற யாருக்காவது பில் வராமல் இருந்தால் இன்றைக்கே இதைச் செய்யுங்கள்.

2024 நவம்பரில் ஒரு வெள்ளைக் கவர் வந்தது. இருபது மாதத்துக்கு ஒரே பில். 2,071 பவுண்டு. 14 நாளில் கட்ட வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி சமையலறை மேசையில் பில்லை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் சூடு பண்ணுவதும் வெந்நீரும் கேஸ், அதற்கு வேறு கம்பெனி, அது மாதா மாதம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கரண்ட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு, ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர், விளக்கு, டிவி. பில்லில் போட்டிருந்தது 6,500 யூனிட். மாதத்துக்கு 325 ஆகிறது. முன்பு இருந்த வீட்டில் இதே சாமான்களோடு மாதம் 200 தாண்டியதில்லை. அப்புறம் பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருந்த சீரியல் நம்பரை, முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு நம்பர். எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தால், அது வலது பக்கத்து மீட்டரின் நம்பர்.

மேல் வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்து அக்கா. ஆர்டர் எடுத்து கேக் செய்து கொடுப்பவர், மின்சார ஓவன் பாதி நாள் ஓடும். அவரும் இதே கம்பெனிதான். மறுநாள் காலையில் மேலே போய் விஷயத்தைச் சொல்லி அவருடைய பில்லைக் காட்டச் சொன்னேன். அதில் இடது பக்கத்து மீட்டரின் நம்பர் இருந்தது. எங்கள் மீட்டர்!

உறுதி செய்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது, பில்லில் சந்தேகம் இருக்கிற யாரும் செய்யலாம். இப்போதைய டிஜிட்டல் மீட்டர்களில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும், எங்கள் மீட்டரில் அது ஆயிரம் முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் வீட்டு ஃபியூஸ் போர்டில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். இடது மீட்டரின் விளக்கு மின்னுவதை நிறுத்திவிட்டது, வலது மீட்டர் அதுபாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. மறுபடி ஸ்விட்சைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூன்று கிலோவாட் கெட்டிலை மட்டும் ஆன் செய்யச் சொன்னேன். இடது மீட்டர் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு முறை மின்னியது, போன் கடிகாரத்தை வைத்து எண்ணினேன், ஒரு நிமிடத்தில் 50. மூன்று கிலோவாட்டுக்கு மணிக்கு மூவாயிரம், நிமிடத்துக்கு ஐம்பது. கணக்குத் துல்லியமாக வந்தது. அக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் எங்கள் கரண்ட்டுக்கு அவர் காசு கட்டியிருக்கிறார், அவருடைய கரண்ட்டுக்கு எங்களிடம் 2,071 கேட்கிறார்கள்.

அவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, நான் மாசாமாசம் ஒழுங்காத்தானே கட்டிக்கொண்டு வாறன். இப்ப எனக்குத் திரும்பக் காசு கேப்பினமோ?" என்றார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பில் சரியானால் அவர் பில் ஏறும். அவருடைய உபயோகம் எங்களைவிட மாதம் 125 யூனிட் அதிகம், அந்த வித்தியாசத்தை அவர் இதுவரை கட்டவில்லை, ஆனால் தெரிந்தே கட்டாமல் விட்டதும் இல்லை. அந்த நிமிடத்தில் நானும் அவரும் சேர்ந்தே புகார் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

இங்கே இப்படி மீட்டர் மாறிப்போவது அபூர்வம் இல்லை. ஒரு வீட்டை இரண்டாக, மூன்றாகத் தடுக்கும்போது மீட்டரும் முகவரியும் இடம் மாறிப் பதிவாகிவிடும், பிறகு யாராவது சீரியல் நம்பரைக் கவனிக்கிற வரை அப்படியே கிடக்கும். ஒவ்வொரு கரண்ட் இணைப்புக்கும் எம்பான் என்று ஒரு 13 இலக்க எண் உண்டு, பில்லில் எஸ் என்ற எழுத்து போட்ட கட்டத்தின் கீழ்வரிசையில் இருக்கும். கம்பெனி பில் போடுவது அந்த எண்ணுக்குத்தான், வாசலில் இருக்கும் கதவு எண்ணுக்கு அல்ல. லண்டனில் தெருவுக்குள் வரும் கேபிள்கள் கரண்ட் விற்கும் கம்பெனியுடையவை அல்ல, யுகே பவர் நெட்வொர்க்ஸ் என்ற வேறு நிறுவனத்துடையவை. அவர்களிடம் கேட்டால் உங்கள் முகவரிக்கு எந்த எம்பான் பதிவாகியிருக்கிறது என்று சொல்வார்கள். கேட்டேன், சொன்னார்கள், மாறித்தான் இருந்தது. பதிவில் தப்பு எப்போது நுழைந்ததோ, ஆனால் முதல் நாளே படத்தோடு கையில் கொடுத்தும் இருபது மாதம் தூக்கிப் போட்டு வைத்திருந்தது கம்பெனியின் தப்பு. இந்த ஒன்றுக்காகத்தான் மூன்று மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இனி முக்கியமான விஷயம். பேக் பில்லிங் விதி.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆஃப்ஜெம் என்ற அமைப்பு 2018 மே மாதத்திலிருந்து வீட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கம்பெனி தன் தப்பால் சரியான பில் போடாமல் விட்டால், பில் போடும் தேதியிலிருந்து 12 மாதத்துக்கு முன்பு நீங்கள் உபயோகித்ததற்குக் காசு கேட்க முடியாது. அதற்கு முந்தையது கம்பெனியின் நஷ்டம். பில்லே வராமல் இருந்தாலும் சரி, குறைவாக எஸ்டிமேட் போட்டுக்கொண்டே வந்து திடீரென்று மொத்தமாக வித்தியாசம் கேட்டாலும் சரி, விதி பொருந்தும். ஒழுங்காக வந்த பில்லைக் கட்டாமல் விட்டவர்களுக்குப் பொருந்தாது. மீட்டர் பார்க்க வருபவரை வேண்டுமென்றே உள்ளே விடாதவர்களுக்கும், கரண்ட் திருடியவர்களுக்கும் பொருந்தாது. வட அயர்லாந்தில் இருப்பவர்கள் அங்கே தனி அமைப்பு என்பதால் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த விதி தெரியாது. கஸ்டமர் கேரில் பேசிய யாரும் சொல்லவும் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் இணையதளத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் போன் செய்தபோது எதிர்முனையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "நீங்கள் உபயோகித்த கரண்ட்டுக்கு நீங்கள்தானே கட்ட வேண்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கும். நம் ஆட்கள் பலர் இந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிடுகிறோம். கடன் வைப்பது நமக்குப் பிடிக்காது, விசா ஆகட்டும், வீட்டுக் கடன் ஆகட்டும், எதற்காவது பிரச்சினை வந்துவிடுமோ என்ற பயம் வேறு, அதனால் கிரெடிட் கார்டில் போட்டாவது கட்டி முடித்துவிடுகிறோம். தயவு செய்து அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள்.

நவம்பர் 18-ம் தேதி ஈமெயிலில் முறைப்படி புகார் கொடுத்தேன். இது கம்ப்ளெய்ன்ட் என்று முதல் வரியிலேயே தெளிவாக எழுதினேன், ஏனென்றால் புகாரை முடிக்கக் கம்பெனிக்கு இருக்கும் எட்டு வாரக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். 2023 மார்ச்சில் அனுப்பிய படம், அவர்கள் போட்ட பதில், நான் போன் செய்த நான்கு தேதிகள், இரண்டு மீட்டரின் இன்றைய படம், அக்காவின் சம்மதக் கடிதம், இவ்வளவும் இணைத்தேன். கேட்டது மூன்றே: மீட்டரைச் சரிபார்க்க ஆள் அனுப்புங்கள், முடியும் வரை இந்தப் பில்லை வசூலுக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள், சரியான பில்லை 12 மாதத்துக்கு மட்டும் போடுங்கள். போன் செய்த தேதிகளை ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருந்தேன், கடைசியில் அதற்கு இருந்த மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் டெக்னீஷியன் வந்தார். நடுத்தர வயது, அமைதியான மனிதர். நாங்கள் செய்த சோதனையைத் தன் கருவியை மாட்டிச் செய்தார், மேலே போனார், கீழே வந்தார், அரை மணி நேரத்தில் "இரண்டும் மாறியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும் முன் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, இடது மீட்டரில் கீழ் வீடு, வலது மீட்டரில் மேல் வீடு என்று எழுதி ஒட்டினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. முன்பே ஒருவர் இந்த வேலையைச் செய்திருந்தால் இந்த வருத்தம் எதுவுமே கிடையாது.

2025 ஜனவரி முதல் வாரம் புது பில் வந்தது. மீட்டர் சரி, ரீடிங் சரி, ஆனால் 22 மாதத்துக்கும் சேர்த்து 1,462 பவுண்டு. அக்காவுக்கு வித்தியாசம் என்று 735 பவுண்டு. 12 மாத விதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன் செய்து விதியின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, கணக்கு உங்கள் பெயரில் திறக்கப்பட்டிருந்தது, அதனால் பொருந்தாது என்றார்கள். கணக்கு திறந்திருந்தால் போதாது, பில் வந்திருக்க வேண்டும். இதற்குள் பழைய 2,071-க்கு ஒரு நினைவூட்டல் கடிதமும் வந்தது, வசூல் ஏஜென்சிக்கு அனுப்புவோம் என்று. புகார் நடந்துகொண்டிருக்கும்போது வந்த அந்தக் கடிதத்தைப் பார்த்து என் மனைவி இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு இயந்திரம் அச்சடித்து அனுப்பியது என்று நான் சமாதானம் சொன்னேன். ஆனால் அதை வாசிப்பது ஒரு வீட்டு மனுஷி, அதைக் கம்பெனிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

எட்டு வாரம் முடிந்த மறுநாளே எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போனேன். இது கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே நின்று முடிவு சொல்லும் அமைப்பு. நமக்கு ஒரு பென்னி செலவில்லை. எட்டு வாரம் ஆகியும் முடியவில்லை என்றாலோ, இதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கம்பெனி டெட்லாக் கடிதம் கொடுத்துவிட்டாலோ போகலாம். அவர்கள் சொல்லும் முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதைச் செய்தே ஆக வேண்டும், நமக்குப் பிடிக்கவில்லை என்றால் ஏற்க வேண்டியதில்லை. இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இணையத்திலேயே படிவம், ஆவணங்களை ஏற்றினேன், ஒரு அதிகாரி போனில் பேசினார். என் ஆங்கிலம் வேகமாக வராது, அவர் பொறுமையாகக் கேட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அக்காவின் புகாரை அவர் பெயரில் தனியாகப் பதிவு செய்யச் சொன்னார்கள், அதற்கும் பக்கத்தில் உட்கார்ந்து உதவினேன்.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. ஜனவரியில் வந்த பில்லிலிருந்து பின்னோக்கி 12 மாதம் மட்டும் வசூலிக்கலாம், அதற்கு முந்தையதை ரத்து செய்ய வேண்டும், மன்னிப்புக் கடிதம், எனக்கு 100 பவுண்டு. என் பில் 774 ஆனது, நூறு போக 674. எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து அன்றைக்கே கட்டினேன், மீதி இருந்ததில் மகனுக்கு சைக்கிள் வாங்கினோம். அக்காவுக்கு 735 என்று இருந்தது 384 ஆனது. அதையும் மொத்தமாகக் கேட்கக் கூடாது, அவரால் முடிகிற அளவுக்குத் தவணை கொடுக்க வேண்டும். வருமானத்தைப் பார்த்துத் தவணை போடுவது கம்பெனிகளின் கடமை, இதையும் பலர் கேட்பதே இல்லை. மாதம் 32 பவுண்டு, 12 தவணை.

கேஸ் பில் அதிகமாக வருகிறது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று. பழைய கேஸ் மீட்டர்கள் கன அடியில் காட்டும், புதியவை கன மீட்டரில். மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கும். பழைய மீட்டரின் ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். புது மீட்டர் வைத்திருக்கும் வீட்டுக்குப் பழைய மீட்டர் என்று பதிவாகியிருந்தால் பில் 2.83 மடங்கு ஏறிவிடும். கேஸ் கொஞ்சமாக எரித்தும் பில் ஏறினால் முதலில் இதைப் பாருங்கள்.

மார்ச்சில் கம்பெனி மாற்றிக்கொண்டோம். ஐந்து வேலை நாளில் மாறியது, பழைய கம்பெனியின் கடைசி பில் மூன்று வாரத்தில் சரியாக வந்தது. இப்போது மாதம் முதல் தேதி காலையில் அலமாரியைத் திறந்து இரண்டு மீட்டரையும் படம் எடுக்கிறேன், வலது பக்கத்துப் படம் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் போகும். அவருக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி.